வானம் பார்த்த பூமியிலும் வெள்ளம் வரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே 70 சென்டிமீட்டரைத் தொடாது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துப் போக, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. "குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊருக்கு வெள்ளமா?" என்று அப்போது பலர் கேட்டார்கள். மழை குறைந்த ஊர் என்றால் வெள்ளம் வராத ஊர் என்று நினைப்பதால் வரும் கேள்வி அது.

முதல் தவறு, சராசரியை நம்புவது. வறண்ட சீமையில் மழை ஆண்டுக்காண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். நாலு வருஷம் ஏமாற்றிவிட்டு ஐந்தாம் வருஷம் ஒரே இரவில் கொட்டும். 95 சென்டிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் மட்டும் சுமார் 38 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 320 லோடு. சரிவான ஊரில் இது இறங்கி ஓடிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லாத தரையில் எங்கே ஓடும்? பக்கவாட்டில் பரவும், பரவிய இடத்தில் நிற்கும்.

அடுத்தது, எல்லோர் வாயிலும் வருவது: "காய்ந்த மண், எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும்." கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலைப் பாருங்கள். கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழை அந்த வெடிப்புகளுக்குள் மடமடவென்று இறங்கும். அதோடு சரி. ஈரம் பட்டதும் கரிசல் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதற்குமேல் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், மிச்சமெல்லாம் மேலேதான். செடிகொடி இல்லாத வெற்றுத் தரையில் இன்னொரு சிக்கல். பெருந்துளிகள் அடித்து மேல்மண் தூளாகி, துளைகளை அடைத்துக் கெட்டியான ஏடாகப் படியும்.

மணல் என்றால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். தேரி மணல், அதாவது திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல், நன்றாகவே உறிஞ்சும். ஆனால் மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ராஜஸ்தானின் பாட்மேர் மாவட்டம் தார்ப் பாலைவனத்தில் இருக்கிறது, ஆண்டு மழை 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. 2006 ஆகஸ்டில் அங்கே கவாஸ் கிராமம் மூழ்கியது. மணலுக்குக் கீழே இருந்த ஜிப்சம் என்ற கனிமப் படுகை தண்ணீரைக் கீழே விடவில்லை. தாழ்வான கிண்ணம் போன்ற இடம், வெளியேற வழியும் இல்லை. பாலைவனத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றது.

நம் ஊரில் மழை விட்டதும் நிம்மதியாகத் தூங்கப் போவது மூன்றாவது தவறு. சமவெளியில் வெள்ளம் மெதுவாக நடந்து வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்வது தாமிரபரணி வழியாகக் கீழே வர நேரம் எடுக்கும். குளங்களும் சங்கிலியாக இருப்பவை: மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு, மேல்குளம் உடைந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில். அந்த டிசம்பரில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கோரம்பள்ளம் குளமும் உடைந்தது. ஆஸ்திரேலியாவின் கூப்பர் கிரீக் ஆற்றில் குயின்ஸ்லாந்து மழை, மேகமே இல்லாத வானத்தின் கீழ் வாரக்கணக்கில் ஊர்ந்து உள்நாட்டுப் பாலை வரைக்கும் போகும்.

துபாயில் 2024 ஏப்ரலில் வந்த வெள்ளத்துக்கு மேக விதைப்பை, அதாவது மேகத்தில் உப்புத் துகள் தூவி மழையைக் கூட்டும் முறையை, காரணம் சொல்வதையும் விட்டுவிடலாம். இருக்கிற மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதல் மழையைப் பெறத்தான் விதைப்பு உதவும். அவ்வளவு பெரிய புயல்மழையை அதனால் உண்டாக்க முடியாது. அந்த மழை வரப்போவது சில நாள் முன்பே முன்னறிவிப்பில் தெரிந்திருந்தது.

இனி நம் கையில் இருப்பவை. மனை வாங்கும்போது பட்டா சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். பத்து வருஷம் தண்ணீர் ஓடாத ஓடை, கண்ணுக்கு வெறும் பள்ளமாகத்தான் தெரியும். சீமைக்கருவேலம் மூடிவிட்டால் அதுவும் தெரியாது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்து, பக்கத்துப் புல எண்களில் ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று எங்காவது வருகிறதா என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களும் கிடைக்கும். ஆட்டுக் கிடை போடுகிறவர்களிடம் மழைக்காலத்தில் எங்கே கிடை போட மாட்டார்கள் என்று கேட்டாலே போதும், எது தாழ்வு என்று தெரிந்துவிடும். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

வீட்டை மட்டும் மண்ணடித்து உயர்த்துவதும், சாலையைப் போடப்போட உயர்த்திக்கொண்டே போவதும் மேட்டு நிலத்தில் பெரிய விஷயமில்லை. தட்டையான நிலத்தில் அரை மீட்டர் மேடே அணைதான். சாலைக்கும் ரயில் பாதைக்கும் அடியில் போதுமான கண்பாலங்கள் இல்லாவிட்டால் ஒரு பக்கம் கடலாகும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். அப்போது ஆளாளுக்கு மண்வெட்டியோடு போய் ரோட்டையோ கரையையோ வெட்டிவிடுவது நடக்கிறது. உங்கள் தெரு வடியும், ஆனால் கீழே இருக்கிற ஊருக்குச் சொல்லாமல் வெள்ளம் போகும். எங்கே வெட்டுவது என்பதைப் நீர்வளத் துறை ஆட்களும் கீழ்க்குளத்துக்காரர்களும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

தரைப்பாலத்தில் முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பது கலங்கிய தண்ணீரில் தெரியவும் தெரியாது. சுற்றுவழியில் போங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும்வரை இந்தக் கரையிலேயே நில்லுங்கள்.