நிலநடுக்கோட்டுப் பகுதியில் அயனிமண்டல அளவீட்டை ஐ.ஆர்.ஐ. மாதிரியோடு ஒப்பிடுவது

ஐ.ஆர்.ஐ. என்பது சர்வதேச மேற்கோள் அயனிமண்டல மாதிரி. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனிமண்டலத்துக்கு அது தருவது மாதச் சராசரி நிலை. ஒரே நாள் அளவீட்டை அதன்மேல் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. புவிக்காந்தக் கலக்கத்தைக் காட்டும் கே.பி. சுட்டெண் 3-ஐத் தாண்டாத நாள்களை எடுத்து, மணிவாரியாக இடைநிலை மதிப்பு காணுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரக்கணக்கா என்று பாருங்கள்.

அயனிமண்டலத்தில் மிக அடர்த்தியான எஃப்2 அடுக்கின் மாறுநிலை அதிர்வெண் (நேர் மேலே அனுப்பினால் அந்த அடுக்கிலிருந்து திரும்பிவரும் உச்ச அதிர்வெண்) 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் உச்ச அடர்த்தி கன மீட்டருக்கு 1.24×10¹² எலக்ட்ரான். அதிர்வெண்ணில் 5 சதவீதம் பிசகினால் அடர்த்தியில் சுமார் 10 சதவீதம் பிசகும். சூரியன் மறைந்தபின் அயனோகிராமில் (அதிர்வெண்வாரியாக எதிரொலியின் உயரத்தைக் காட்டும் படத்தில்) சுவடு பரவிக் கிடந்தால் தானியங்கி வாசிப்பை நம்பாதீர்கள். கண்ணால் பார்த்தும் தெளிவில்லையேல் அந்த மணியை விட்டுவிடுங்கள்.

சமிக்ஞைப் பாதையிலுள்ள மொத்த எலக்ட்ரான் அளவைக் கணிக்கும் ஜி.பி.எஸ். தரவில் தொல்லை வேறு. செயற்கைக்கோள் இருப்பது 20,200 கி.மீ. உயரத்தில், மாதிரியோ வழக்கமாக 2,000 கி.மீ.யோடு நின்றுவிடும். விடியலுக்கு முன் மாதிரியைவிட அளவீட்டில் தெரியும் உபரியில், அயனிமண்டலத்துக்கு மேலுள்ள பிளாஸ்மாமண்டலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நேரம் எதிர்ம மதிப்பு வந்தால் முதலில் கருவிச் சார்புத் திருத்தத்தை (செயற்கைக்கோளும் ஏற்பியும் அளவீட்டில் சேர்க்கும் பிழையை நீக்குவதை)ச் சந்தேகியுங்கள்.