சர்வதேச உறவுகள் பட்டம்: செலவையும் வேலையையும் எடைபோடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவப் பட்டம் இல்லாதவர் மருத்துவராக முடியாது. ஆனால் சர்வதேச உறவுகள் படித்தவர்தான் தூதரக அதிகாரியாகலாம் என்ற விதி பெரும்பாலான நாடுகளில் இல்லை. அமெரிக்க வெளியுறவுப் பணித் தேர்வை எழுதக் குறிப்பிட்ட பட்டம் எதுவும் தேவையில்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கு ஆளெடுக்கும் குடிமைப் பணித் தேர்வையும் எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். இந்தப் பாடத்துக்கான முதல் பேராசிரியர் இருக்கை, முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் நிறுவப்பட்டது. போர் ஏன் மூள்கிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதே அதன் அக்கறை. வேலைக்கு உரிமம் வழங்குவது அன்று. இதை மறந்து, தொழிற்படிப்புக்குத் தரும் விலையை இதற்கும் தரத் துணிவதுதான் மற்ற பிழைகளுக்கெல்லாம் வேர்.

செலவு என்றால் கல்விக் கட்டணம் மட்டுமே என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேர்கிறார். கட்டணம் 160, வேறு நகரத்தில் தங்குவதால் கூடும் செலவு 40 (எங்கிருந்தாலும் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்பதால், கூடுதலாக ஆவதை மட்டும் சேர்த்தால் போதும்), கைவிட்டுப்போன சம்பளம் 200. ஆக மொத்தம் 400. படித்து முடித்தபின் 130 சம்பளத்தில் வேலை கிடைத்தால், ஆண்டுக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் 30தான். போட்டதை எடுக்கவே 13 ஆண்டுகளுக்கு மேலாகும். வட்டியையும் வரியையும் இன்னும் சேர்க்கவில்லை. இதே பட்டத்தை ஓராண்டில், பாதிக் கட்டணத்தில் தரும் இடத்தில் படித்தால் மொத்தச் செலவு 200 ஆகி, அந்தக் காலம் 7 ஆண்டுகளுக்குள் சுருங்குகிறது. பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டாண்டு என்ற வேறுபாடு பலருக்குத் தெரிந்ததே. அந்த ஓராண்டின் விலையில் பாதி, கைவிட்ட சம்பளம்தான் என்பதை ஏனோ யாரும் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை.

வருமானத்தின் பக்கத்தில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. பழைய மாணவர்கள் எங்கெங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கல்வி நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கையில், உலக வங்கியின் பெயரும் பெரிய ஆலோசனை நிறுவனங்களின் பெயர்களும் கண்ணைப் பறிக்கும். அந்த வேலைகளுக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு படிக்க வந்தவர்கள், எத்தனை பேர் விடுப்பில் வந்து பழைய இடத்துக்கே திரும்பியவர்கள் என்பது அதில் பெரும்பாலும் இராது. சராசரிச் சம்பளத்தை விட நடு மதிப்பைக் (எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) கேளுங்கள். கணக்கெடுப்புக்குப் பதில் சொன்னவர்கள் எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். உங்களைப் போல வெளிநாட்டுக் குடியுரிமையும் குறைந்த அனுபவமும் உடையவர்களின் நிலையைத் தனியாகக் கேளுங்கள். வேலை கிடைக்காதவர் இத்தகைய படிவங்களை நிரப்பி அனுப்புவது அரிது.

ஐக்கிய நாடுகள் சபையை மனத்தில் வைத்துப் படிப்பவர்கள், சேர்வதற்கு முன்பே அதன் வேலை அறிவிப்பு ஒன்றை வரி வரியாகப் படித்துப் பார்ப்பது நல்லது. கல்வித் தகுதி என்ற தலைப்பின் கீழ் முதுநிலைப் பட்டம் கேட்கப்பட்டிருக்கும். சர்வதேச உறவுகளோடு அரசியல் அறிவியல், சட்டம், பொருளாதாரம் போன்றவையும் அதே வரிசையில் நிற்கும். அடுத்த வாக்கியத்தில், இளநிலைப் பட்டத்துடன் கூடுதலாக இரண்டாண்டுத் தகுந்த அனுபவம் இருந்தால் முதுநிலைக்கு ஈடாக ஏற்கப்படலாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பெருங்கடன் வாங்கி அடைய நினைத்த தகுதியைச் சம்பளம் வாங்கிக்கொண்டே அடையலாம் என்பதுதான் அதன் பொருள். ஐ.நா.வின் தொழில்முறைப் பதவிப் படிநிலைகளில் பி-3க்குப் பொதுவாக ஐந்தாண்டு, அதற்கு மேலான பி-4க்கு ஏழாண்டு அனுபவம் கேட்பார்கள். புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு அங்கே இடமில்லை.

அனுபவமில்லாத இளைஞர்களுக்கென்றே இருக்கும் ஐ.நா.வின் இளம் தொழில்முறையாளர் திட்டத்துக்கும் நிபந்தனைகள் உண்டு: வயது 32ஐத் தாண்டக்கூடாது, அந்த ஆண்டுப் பட்டியலில் விண்ணப்பதாரரின் நாடு இருக்க வேண்டும். பட்டியல் ஆண்டுதோறும் மாறும். இளநிலைப் பட்டமே போதும் என்பதால், முதுநிலை இங்கே கட்டாயமும் அன்று. குடியுரிமை, வயது ஆகிய இரண்டையும் எந்தப் பல்கலைக்கழகமும் மாற்றித் தர முடியாது என்பதால், கட்டணத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே இவற்றைப் பார்த்துவிட வேண்டும். வெளியுறவு அமைச்சகங்கள் தம் நாட்டுக் குடிமக்களையே அதிகாரிகளாக எடுக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இன்டர்ன்ஷிப்பை இலவச வாய்ப்பாகக் கருதுவதும் பிழையே. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சில மாதங்கள் தங்கும் செலவு விண்ணப்பதாரருடையது. மேலே போட்ட கணக்கில் இதற்கென ஒரு வரி இல்லாவிட்டால் அந்தக் கணக்கு முழுமையானதன்று.

மொழியையும் எண்ணறிவையும் பட்டத்தோடு தானாக வந்துசேரும் துணைப்பொருள்களாக நினைப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள். ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். ஆங்கிலத்தோடு இவற்றில் இன்னொன்றில் அறிக்கை எழுதும் அளவுக்குத் தேர்ந்தவருக்கும், இரண்டு பருவம் மட்டும் படித்தவருக்கும் இடையே உள்ள தூரம் நேர்காணலில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். கோட்பாட்டுத் தாள்கள் மூன்றைக் குறைத்துக்கொண்டு புள்ளியியல், வணிகச் சட்டம், பொதுநிதி ஆகியவற்றில் ஒன்றை ஆழமாகப் படிப்பது வேலைச் சந்தையில் கூடுதல் பலன் தரும் என்பது என் கணிப்பு. கோட்பாட்டை நான் இகழவில்லை. அதற்கு மட்டும் சம்பளம் தரும் இடங்கள் பல்கலைக்கழகங்களும் சில ஆய்வு மையங்களும்தான், அங்கே முனைவர் பட்டம் கேட்பார்கள்.

துறை இன்றுபோலவே இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்குவதும் ஆபத்தானது. வளர்ச்சி உதவித் துறையில் பல தலைமுறைகளுக்கு வேலை தந்த யுஎஸ்எய்டு என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு 1961இல் தொடங்கப்பட்டது. 2025 ஜூலை 1 அன்று அதன் பணிகள் நிறுத்தப்பட்டு, எஞ்சியவை அமெரிக்க வெளியுறவுத் துறையின் கீழ் சென்றன. அதை நம்பியிருந்த தொண்டு நிறுவனங்களும் ஒப்பந்த நிறுவனங்களும் ஆட்களைக் குறைத்ததால், பத்து, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்கள் புதிய பட்டதாரிகளோடு ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தது. ஒரே வகை முதலாளியை மட்டும் எண்ணித் திட்டமிட்டவர்களுக்கு இது பேரிடி. ஏற்றுமதிக் கட்டுப்பாடு, பொருளாதாரத் தடைகள் தொடர்பான இணக்கப் பணி (நிறுவனம் அந்த விதிகளை மீறாமல் பார்த்துக்கொள்வது), அரசியல் இடர் மதிப்பீடு என்று தனியார் துறையையும் கணக்கில் வைத்திருந்தவர்களுக்குப் போக வேறு வழி இருந்தது.

கடைசியாக, அனுமதிக் கடிதம் வந்த பிறகு உதவித்தொகையைத் தேடுவது காலம் தாழ்ந்த வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், பிரிட்டிஷ் அரசின் செவனிங் போன்ற உதவித்தொகைகளின் விண்ணப்பக் காலம், வகுப்பு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். செவனிங்குக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டாண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே அதை நம்பி, படிப்பு முடிந்த கையோடு லண்டனிலேயே வேலை தேடலாம் என்று போட்ட திட்டத்தை விண்ணப்பிக்கும் முன்பே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.