லேத் டூல் பிட்டைக் கையால் தீட்டுவதிலிருந்து முதல் கட் போடுவது வரை

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தவருக்கு லேத் (கடைசல் எந்திரம்) ஓட்டுவது இரண்டு நாளில் கைவந்துவிடும். டூல் தீட்டுவதுதான் வராது. டூல் வெட்டாமல் தேய்க்கும். பழி மட்டும் லேத்தின் மேல் விழும். இங்கே எடுத்துக்கொள்வது 12 மி.மீ. சதுர ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட், 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடு.

கிரைண்டர்

ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்கு அலுமினியம் ஆக்சைடு வீல், 60 கிரிட். பச்சை வீல் கார்பைடுக்கானது, அதில் இதைத் தீட்ட வேண்டாம். பிட்டைத் தாங்கும் ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் பிட் உள்ளே இழுபட்டு வீல் உடையும். கண்ணாடி கட்டாயம்; கையுறை கூடவே கூடாது. வீல் ஓடத் தொடங்கும்போது நேர் எதிரே நிற்காமல் ஒரு நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள்.

மூன்று முகம், ஒரு முனை

வலமிருந்து இடமாக, அதாவது ராடைப் பிடிக்கும் ‘சக்’ பக்கம் நோக்கி வெட்டும் டூல் இது. அதனால் வெட்டும் விளிம்பு இடப்பக்கம் வரும்.

முதலில் இடப்பக்கம். மேல் விளிம்பு வெளியே நீண்டும் அடிப்பக்கம் உள்வாங்கியும் இருக்கும்படி 8 முதல் 10 டிகிரி சாய்த்துத் தேயுங்கள். அடுத்து முன்பக்கம்: கீழ்நோக்கி அதே 8 டிகிரி, மேலிருந்து பார்த்தால் இடது மூலை மட்டும் முன்னே நிற்க, மற்றது 15 டிகிரி பின்வாங்க வேண்டும். கடைசியாக மேல்பக்கம்: வெட்டும் விளிம்பிலிருந்து வலப்பக்கமாக 12 முதல் 14 டிகிரி சரிவு. இதுதான் ரேக். இதைத் தேய்க்கும்போது விளிம்பின் உயரத்தைத் தின்றுவிடாதீர்கள். வீல் விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

கோணமானி இல்லையா? பிட்டைச் சமதளத்தில் வைத்து இடப்பக்கத்தில் ட்ரை ஸ்கொயரை ஒட்டி, வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். மேல் விளிம்பு மட்டும் தகட்டைத் தொட்டு, கீழே ஆப்பு வடிவில் வெளிச்சம் தெரிந்தால் க்ளியரன்ஸ் (ராடில் உரசாமலிருக்க வேண்டிய இடைவெளி) இருக்கிறது. மேலே வெளிச்சம் தெரிந்தால் அந்த டூல் எந்த லேத்திலும் வெட்டாது.

பிட் கை பொறுக்காத சூடு வரும் முன்பே தண்ணீரில் நனைத்தெடுங்கள். கொஞ்சம் நீலம் பூத்தால் பதறாதீர்கள். நீலமானால் டூல் செத்தது என்பது கார்பன் ஸ்டீலுக்குப் பொருந்தும், ஹெச்.எஸ்.எஸ். 500 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்யப்பட்டது, அவ்வளவு லேசில் மென்மையாகாது. கெடுதல் வேறு இடத்தில்: பழுக்கச் சூடாக்கிச் சட்டென்று தண்ணீரில் போட்டால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். வேலை நடுவே முனை பொடிந்து உதிர்வது பெரும்பாலும் இதனால்தான்.

முடிவில் எண்ணெய்க்கல்லால் பிசிறை எடுத்து, முனையில் அரை மி.மீ. வளைவு கொடுங்கள். ஊசி முனையாக விட்டால் திருகு மரை போலக் கோடு விழும்.

டூலைக் கட்டுவது

வெளியே நீட்டல் 18 மி.மீ.க்குள் இருக்கட்டும். டூல் முனையின் உயரம் ராடின் சென்டருக்குச் சரியாக வர, அடியில் பழைய ஆக்சா பிளேடு துண்டுகளைப் பேக்கிங்காக வைப்பது வழக்கம். டூலின் முழு நீளத்துக்கும் வையுங்கள், பின்னால் மட்டும் வைத்தால் முனை தலைகுனியும்.

உயரம் பார்க்க, லேத் நின்றிருக்கும்போது ஜாபுக்கும் (வெட்டப்படும் ராடு) டூல் முனைக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை மெதுவாக இடுக்குங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. அதன் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. உயர்ந்தால் டூலின் வயிறு ஜாபில் உரசும், வெட்டாது.

முதல் கட்

வேகத்துக்கு மனக்கணக்கு போதும்: எம்.எஸ்.ஸுக்கு 8000-ஐ விட்டத்தால் வகுங்கள். 25 மி.மீ. ராடுக்கு 320 ஆர்.பி.எம். கியரில் அதை ஒட்டிய கீழ் வேகம் எடுங்கள். ராடு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீண்டால் மறுமுனையைத் தாங்க டெயில்ஸ்டாக் சென்டர் கொடுங்கள். சக் சாவியைக் கழற்றி வைத்த பிறகே ஸ்விட்ச்.

டூலை ஜாபில் லேசாகத் தொட்டு டயலைச் சுழியாக்கி, 1 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.15 மி.மீ. ஃபீடில் (டூல் நகரும் அளவு) 10 மி.மீ. நீளம் மட்டும் வெட்டி, லேத்தை நிறுத்தி அளந்து பாருங்கள். சில லேத்தில் டயல் ஆரத்தைக் காட்டும், சிலவற்றில் விட்டத்தை, அளந்தால்தான் தெரியும். கைப்பிடியைச் சுற்றும்போது அளவைத் தாண்டிவிட்டால் அரைச் சுற்றுப் பின்வாங்கி மறுபடி உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் ஸ்க்ரூ தளர்வு அளவைக் கெடுக்கும். ஃபினிஷுக்கு விட்டத்தில் அரை மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். 0.05 மட்டும் மிச்சம் வைத்தால் டூல் வெட்டாமல் வழுக்கும்.

சுருள் வெள்ளி நிறமாகவோ லேசான வைக்கோல் நிறமாகவோ வரவேண்டும். நீலமாக வந்தால் வேகம் அதிகம். பரப்பு கிழிந்தாற்போல் இருந்தால் முனையில் இரும்பு ஒட்டியிருக்கும்: கல்லில் தட்டியெடுத்து, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, கூலன்ட் விடுங்கள். கீச்சென்று அதிர்ந்தால் முதலில் நீட்டலைக் குறையுங்கள், பிறகு வேகத்தை. முனை வளைவு பெரிதாக இருந்தாலும் அதிரும்.

கடலூர் முதுநகர்ப் படகு ஷாஃப்ட் வந்தால்

304 ஸ்டெயின்லெஸ் வேறு குணம். 8000-க்குப் பதில் 5000. டூல் ஒரு சுற்று உரசினாலும் அந்த இடம் இறுகிப்போகும், அடுத்த கட் அதில் வழுக்கி முனையை மொட்டையாக்கும். ஃபீட் 0.1-க்குக் கீழே போகாதீர்கள், ஆழம் 0.3-க்குக் குறைக்காதீர்கள், கட் நடுவே ஃபீடை நிறுத்தி யோசிக்காதீர்கள்.

கூலன்ட் 20 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய். தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் திரியும். கடலோர போர் தண்ணீரில் உப்பிருந்தால் எப்படி ஊற்றினாலும் எண்ணெய் பிரிந்து மிதக்கும், லேத்தின் அடித்தளமான பெட் மேல் துருவும் ஏறும். குடிதண்ணீரில் கலக்குங்கள். வேலை முடிந்ததும் பெட்டையும் சக் ஜாவையும் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரி விட்டாலே காலையில் செம்மஞ்சள் படிந்திருக்கும்.