கமரா வாங்க முதல் பஞ்சாங்கம் வாங்குங்கள்: கொழும்பில் போட்டோ தொழில்

கொழும்பில் போட்டோ தொழில் தொடங்கலாமா என்று கேட்கிற பிள்ளைகள் அடுத்த மூச்சிலேயே எந்தக் கமரா நல்லது என்றும் கேட்பார்கள். கடந்த ஏழெட்டு வருசத்தில் வந்து, மெமரி கார்ட் இரண்டு போடக்கூடிய எந்தக் கமராவும் போதும், அதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து, இந்த வருச முகூர்த்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாதியும் அநேகமாக வெறும் மாதம். ஆவணி பிறப்பது ஓகஸ்ட் 17 அளவில். அப்போது கனடா, லண்டன் ஆட்கள் விடுமுறைக்கு வந்து நிற்பார்கள், செப்டெம்பர் தொடங்கியதும் அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆகவே கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் எல்லாம் அந்த இரண்டு கிழமைக்குள் வந்து குவியும். ஒரே நாளுக்கு நாலு பேர் கேட்பார்கள், உங்களால் ஒன்றுக்குத்தான் போக முடியும். அந்த நாட்களுக்கு விலையைக் குறைக்காதீர்கள். வேலை தெரிந்த இரண்டு மூன்று பேரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்: எனக்கு முடியாததை உனக்குத் தருகிறேன், உன்னால் முடியாததை எனக்குத் தா. ஆனால் ஆளை மாற்றி அனுப்புவதானால் வீட்டுக்காரருக்கு முதலே சொல்லிவிட வேண்டும், மண்டப வாசலில் வைத்துச் சொல்கிற செய்தி அல்ல அது. ஆவணியில் வந்த காசில் ஒரு பங்கைப் புரட்டாதிக்கென்று வேறு கணக்கில் போட்டுவிடுங்கள், கையில் இருந்தால் அது லென்ஸாக மாறிவிடும்.

இடைவெளியை நிரப்பவும் கொழும்பில் வழி இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் கத்தோலிக்கக் கல்யாணங்களும், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையும், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தவிர்ந்த மாதங்களில் நடக்கும். முஸ்லிம் வீடுகளில் மணப்பெண் பக்கத்துக்குப் பெண் படப்பிடிப்பாளர்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் பலர், ஆகவே தங்கையோ தோழியோ கூட இருந்தால் அது பெரிய பலம். வெறும் மாதங்களில் இன்ஸ்டகிராமில் சேலை விற்பவர்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் படம் எடுத்துக் கொடுக்கலாம். பெரிய காசு இல்லை, வாடகை போகும்.

சரி, கமரா. கார்ட் இரண்டு போடக்கூடியதாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு கார்ட் செத்தாலும் தாலி கட்டு மற்றதில் இருக்கும். 35, 50 மில்லிமீற்றர் லென்ஸ்கள், ஒரு நல்ல பிளாஷ், இவ்வளவும் சொந்தமாக. இரண்டாவது கமராவையும் தூரத்திலிருந்து எடுக்கிற 70-200 மில்லிமீற்றர் லென்ஸையும் வாடகைக்கு எடுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். உலர் பெட்டி வாங்கக் காசில்லாவிட்டால், இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். மணப்பெண் அலங்காரம் நடக்கிற ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் பனிப்புகார் போல ஈரம் படியும், துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். அதனால் ஒரு கமராவை ஏசிக்குள் கொண்டு போகாமல் வெளியிலேயே வையுங்கள்.

தாலி கட்டுகிற நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கெட்டிமேளம் தொடங்கியதும் சனம் முழுக்க எழும்பும், மாமாமார் போனைத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். சண்டை பிடிக்க நேரமில்லை. அதனால் காலையிலேயே ஐயரிடம் போய், மாப்பிள்ளை எந்தப் பக்கமாக எழும்பி நிற்பார், ஐயர் எங்கே நிற்பார் என்று கேட்டு வைத்து, ஓமப் புகை உங்களை நோக்கி வராத மூலையைப் பிடித்து, அங்கேயே நில்லுங்கள். பிளாஷை நேரே அடித்தால் புகைதான் வெள்ளையாக விழும், கூரைக்கோ சுவருக்கோ திருப்பி அடியுங்கள். கூறைச் சேலையின் சிவப்பு மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் ஒரே பூச்சாகப் போய்விடும், சரிகையும் நெசவும் தெரியாது. கமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை ஸ்டொப் குறைத்து, கமரா திருத்தாத மூலப் படமான ரோ ஃபைலில் எடுத்தால் பிறகு சரிப்படுத்தலாம். கோயிலில் கல்யாணம் என்றால் உள்ளே எதுவரை படம் எடுக்கலாம் என்று முதல் நாளே போய்க் கேளுங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் போலக் கருங்கல் கட்டடம் என்றால் வெளிச்சத்தைக் கல் விழுங்கிவிடும், அங்கே பிளாஷைத் திருப்பி அடித்தும் பயனில்லை.

அப்புறம் காசுக் கதை. ஒரு கல்யாணத்தை ஒருநாள் வேலை என்று நினைத்து விலை சொல்லாதீர்கள். படம் தெரிவு, நிறம் திருத்துதல், ஆல்பம் வடிவமைப்பு, அச்சகத்துக்கு அலைச்சல், உதவியாளர் சம்பளம், ஓட்டோக் காசு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "தம்பி, நீங்கள் எங்கட ஆள்தானே, பார்த்துப் போடுங்கோ" என்பார்கள். விலையைக் குறைப்பதற்குப் பதிலாக ஆல்பத்தில் பக்கத்தைக் குறைத்துக் கொடுங்கள், இரண்டு தரப்புக்கும் மரியாதை. பாதி முற்பணம் வராமல் திகதியை எழுதக் கூடாது, மாமா வீட்டுக் கல்யாணமானாலும் சரி. மிச்சம் ஆல்பத்துக்கு முன்னால் வர வேண்டும். படம் தெரிவு செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் ஆறு மாதம் கழித்துத்தான் வட்ஸ்அப்பில் வருவார்கள், அதனால் ஆல்ப விலை எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்று ரசீதிலேயே எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை ஏறியது, அதோடு அச்சுச் செலவும் ஏறியது. முன்பே விலை பேசி முடித்திருந்த ஆல்பங்களின் வித்தியாசத்தைக் கட்டியவர்கள் படம் எடுத்தவர்கள்தான்.

வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தைக் கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தி, உங்கள் பகுதிப் பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் இருந்தால்தான் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், கம்பனி வேலைகளும் வரும். ட்ரோனை அனுமதி எடுக்காமல் கொழும்பில் பறக்க விடாதீர்கள், பாதுகாப்பு வலயங்கள் நிறைந்த நகரம் இது.

காலி வீதியில் கடை எடுக்கவும் அவசரம் வேண்டாம். பாஸ்போட் படம் எடுத்தே வாடகையைக் கட்டலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் படத்தைக் குடிவரவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோக்கள்தான் எடுக்கலாம், ஆகவே அந்தப் பதிவு கிடைக்குமா என்று பார்த்த பிறகு கடைக்காரரோடு பேசுங்கள்.