புளி கரைத்து மீன் குழம்பு வைக்கும் முறை

மியன்மாரின் மகுவே, மண்டலே பக்கத்து வறண்ட மண்ணில் புளியமரம் செழித்து வளர்வதால், யாங்கூனில் வாழும் நமக்கு நல்ல புளிக்குப் பஞ்சமில்லை. கோடையில் வரும் புதுப்புளி சிவந்து, சற்றே இனிப்போடு இருக்கும். ஓராண்டு கடந்த புளி கறுத்துவிடும். குழம்புக்கு நான் பழம்புளியையே விரும்புகிறேன்.

அரைக் கிலோ ரோகு மீனுக்கு எலுமிச்சை அளவு, அதாவது ஏறக்குறைய 30 கிராம் புளி போதும். கொட்டையும் நாரும் நீக்கி, ஒரு குவளை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கையால் நன்கு பிசைந்து வடிகட்டவும். சக்கையில் மேலும் அரைக் குவளை நீர் ஊற்றி இரண்டாம் முறையும் கரைத்துக்கொள்ளவும். புளியின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோதான் ஏற்றது.

சட்டியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, 15 சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு ஆகியவற்றை வதக்கி, நறுக்கிய தக்காளி ஒன்றைச் சேர்த்துக் குழைய விடவும். பிறகு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று தேக்கரண்டி, சிறிது மஞ்சள்தூள் தூவி, தூள் கருகுமுன் புளிக்கரைசலையும் உப்பையும் சேர்க்கவும்.

இனிமேல் பொறுமை வேண்டும். புதிதாகச் சமைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்: குழம்பு கொதித்த உடனேயே மீனைப் போட்டுவிடுவதால், மீன் வெந்த பிறகும் புளியின் பச்சை வாடை போகாமல் நிற்கிறது, அதைப் போக்க மேலும் கொதிக்கவிட்டால் மீன் உடைந்துவிடுகிறது. ஆகவே மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஓரங்களில் எண்ணெய் பிரியும்வரை, மீனில்லாமலே கொதிக்கட்டும். அப்போது சுவைத்துப் பார்த்து, புளிப்பு மிகுந்திருந்தால் சிறு துண்டு வெல்லம் சேர்க்கலாம்.

அதன்பின் மீன் துண்டுகளை அடுக்கி, தீயைக் குறைத்து எட்டு நிமிடம் வேகவைக்கவும். கரண்டி போடாமல், சட்டியைத் துணியால் பிடித்து இலேசாகச் சுழற்றினால் போதும். மீனுக்குப் பதிலாகக் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ போடுவதானால், புளியில் காய் எளிதில் வேகாது என்பதால், முதலில் நீரில் முக்கால் பதம் வேகவைத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கியதும் பரிமாறாமல் அரை மணி நேரம் மூடி வைத்தால், புளிப்பும் உப்பும் மீனுக்குள் இறங்கிவிடும்.