எக்ஸ்86 கெர்னலை ரிஸ்க்-ஃபைவுக்குக் கொண்டுபோவது எப்படி?

எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சிப் வகை) ஓடும் சின்னக் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஒன்று உங்களிடம் இருக்கிறது, சி மொழியில் எழுதி ஜிசிசி கம்பைலரில் பில்ட் செய்தது. அதை ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு சிப் வகைக்குக் கொண்டுபோகப் போர்டு வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரை சாஃப்ட்வேரிலேயே நடித்துக் காட்டும் கியூஎமுவின் ‘விர்ட்’ மெஷின் போதும்.

படி 1: முதலில் பழைய சிப்பிலேயே, கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் பில்ட் செய்யுங்கள். புதுச் சிப்பையும் புதுக் கம்பைலரையும் ஒரே நாளில் தொட்டால், பிழை யாருடையது என்றே தெரியாது. ஜிசிசி கண்டுகொள்ளாமல் விட்ட ‘ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன்’ எல்லாம் இங்கே மாட்டும்.

படி 2: சிப்புக்குச் சிப்பு மாறும் பூட், இன்டரப்ட் (வேலையை இடைமறிக்கும் சிக்னல்), பேஜ் டேபிள் (மெமரி முகவரி அட்டவணை), ப்ராசஸ் மாற்றும் அசெம்பிளி ஆகியவற்றைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். லினக்ஸின் ‘ஆர்ச்’ ஃபோல்டர் இதற்குத்தான். 2018-இல் வந்த 4.15 பதிப்பில் ரிஸ்க்-ஃபைவும் அதில் சேர்ந்தது.

படி 3: இப்போது சிப்பை மாற்றலாம். கிளாங்கில் ‘டார்கெட்’ ஃபிளாக்கை மாற்றினால் போதும். ஜிசிசிக்கு ரிஸ்க்-ஃபைவுக்கான தனிப் பேக்கேஜ் வேண்டும். துண்டுகளை ஒரே ஃபைலாகச் சேர்க்கும் லிங்க்கர் ‘ரீலொக்கேஷன்’ என்று ஏதாவது கத்தினால் பயப்படாதீர்கள். காரணம், கோடு எந்த முகவரிகளை எட்டலாம் என்று சொல்லும் கோட் மாடல்களில் ‘மெட்லோ’வுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய 2 ஜிபிதான் எட்டும். விர்ட்டில் ரேம் ஆரம்பிப்பதே ஹெக்ஸ் 80000000-இல், அதாவது சரியாக 2 ஜிபியில். ‘மெட்எனி’க்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

படி 4: கெர்னலுக்கு முன்னால் ஓடும் ஃபர்ம்வேரான ஓப்பன்எஸ்பிஐ எழுந்ததும் ஹெக்ஸ் 80200000-க்குத் தாவும், உங்கள் கோடு அங்கே இருக்கட்டும். ஸ்டாக் பாயின்டரை அமைத்து, ஹெக்ஸ் 10000000-இல் உள்ள யுஆர்ட்டில் (சீரியல் போர்ட்) ஒரே ஓர் எழுத்தை எழுதுங்கள். அந்த முகவரிக்கான பாயின்டருக்கு ‘வோலட்டைல்’ முக்கியம், இல்லாவிட்டால் கம்பைலர் அந்த எழுத்தையே தூக்கிவிடலாம். எழுத்து திரையில் வந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

படி 5: அப்புறம் ‘சார்’. வாத்தியார் இல்லை, சி மொழியின் ஒரு பைட் வகை. எக்ஸ்86-இல் அது மைனஸ் எண்ணையும் தாங்கும்; ரிஸ்க்-ஃபைவில் தாங்காது. கீ எதுவும் அழுத்தவில்லை என்பதற்கு நான் மைனஸ் 1 வைத்து, ‘பூஜ்யத்துக்குக் கீழா?’ என்று சோதித்திருந்தேன். இங்கே அது 255 ஆகிவிட்டது. யாரும் தொடாத கீபோர்டில் ஓயாமல் எழுத்து வந்துகொண்டே இருந்தது. ஒரு ராத்திரி போச்சு. அந்த மதிப்பை மைனஸையும் தாங்கும் ‘இன்ட்’டில் வாங்குங்கள். லினக்ஸே இந்தத் தொல்லைக்காக 6.2-இலிருந்து எல்லாச் சிப்பிலும் சாரை ‘அன்சைன்ட்’ (மைனஸ் இல்லாதது) என்று வைத்துவிட்டது.

இரண்டு கம்பைலரிலும் அதே எழுத்து வந்த பிறகு டைமர் இன்டரப்டைத் தொடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.