வின்ச் இழுக்கவில்லையா? ரிலீஃப் வால்வை இறுக்காதீர்கள்

ஆயில் அழுத்தத்தில் ஓடி வலையை இழுக்கும் ஹைட்ராலிக் வின்ச் உள்ள விசைப்படகில் மடி (வலை) ஏறத் திணறினால், ஸ்பானர் முதலில் போவது ரிலீஃப் வால்வுக்குத்தான். "அரைச் சுற்று இறுக்கிப் பாரு" என்று யாராவது சொல்வார்கள். இந்தப் பழக்கம் ஆபத்தானது.

பம்பு செய்வது ஆயிலைத் தள்ளுவது மட்டுமே. எதிரே சுமை தடுக்கும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. அது எல்லை மீறாமல் இருக்கத்தான் ரிலீஃப் வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங், சின்னக் கூம்பு ஒன்றை அமுக்கி வழியை அடைத்திருக்கும். ஆயிலின் அழுத்தம் ஸ்பிரிங்கை மிஞ்சினால் கூம்பு விலகி, மிச்ச ஆயில் டேங்குக்குத் திரும்பும். ஸ்பிரிங்கை அமுக்கும் திருகு ஒன்று உண்டு; அதை இறுக்கினால் அந்த எல்லைதான் உயரும். தேய்ந்த பம்புக்கு அதனால் பலம் வராது.

சின்னமுட்டத்தில் ஒரு படகில் இதைக் கண்ணால் பார்த்தேன். பம்பு தேயத் தேயத் திருகை இறுக்கியிருக்கிறார்கள். முழுக்க உள்ளே போய்விட்டது. அப்புறம் புதுப் பம்பு போட்டார்கள், திருகை யாரும் தொடவில்லை. முதல் இழுப்பிலேயே ஹோஸ் வெடித்துத் தளம் முழுக்க ஆயில். பக்கத்தில் ஆள் நிற்காதது நல்ல காலம். பம்பு மாற்றினால் திருகைத் தளர்த்திவிட்டுத்தான் எஞ்சினை ஓட்ட வேண்டும்.

அழுத்தத்தைக் காட்டும் கேஜ் இல்லாமல் காதால் கேட்டு அமைப்பதும் தவறு. பம்பு லைனில் கேஜ் மாட்டி, திருகைப் பூட்டியிருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, சுமையைத் தடுத்து நிறுத்தி, கம்பெனி சொன்ன அளவுக்கு மெதுவாக ஏற்றுங்கள். சில நொடிகளுக்கு மேல் தடுத்து வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஆயில் 150 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் வால்வு வழியே வழிந்தால், 10 கிலோவாட் அப்படியே சூடாகும். வாளியில் போடும் ஒரு கிலோவாட் ஹீட்டர் பத்தை டேங்குக்குள் போட்டதற்குச் சமம்.

அழுத்தம் ஏறவே இல்லையா? சின்ன வால்வு ஒன்று பெரிய வால்வை இயக்கும் பைலட் வகை வால்வில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று உண்டு. பழைய ஹோஸின் ரப்பர் துகள் ஒன்று அடைத்தாலே போதும், வால்வு குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும். கழற்றிக் கழுவுங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைக்கவே வைக்காதீர்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நம் உப்புக் கடலில் ஸ்பிரிங் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். உயர் அழுத்த ஆயில் தோலைத் துளைத்தால் காயம் புள்ளி அளவே தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுக்குப் பெயின்ட் அடிக்கும் அந்த நாட்களிலேயே வால்வையும் சரிபார்த்து, கேஜில் அமைத்த அளவை வின்ச் பக்கத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள்.